குளியலறைக்கு எந்தக் கல்? கிந்தா மலைகள் தரும் பாடம்



குளியலறையைப் புதுப்பிக்க ஒரு குடும்பம் ஈப்போவில் டைல்ஸ் கடைக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் நிறத்தைக் காட்டுவார். அப்பா விலையைக் கேட்பார். அம்மா, "கறை பிடிக்குமா?" என்பார். பாட்டி கூட வந்திருந்தால், "வழுக்குமா?" என்று கேட்பார். மூன்றுமே நல்ல கேள்விகள்தாம். ஆனால், கடைசி இரண்டு கேள்விகளுக்கும் விலைச் சீட்டில் விடை இருக்காது. அவற்றுக்கு விடை சொல்ல அறிவியல் வேண்டும். அந்த அறிவியல் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அமிலமும் காரமும், உலோகக் கலவை, கண்ணாடி, பீங்கான் எல்லாம் படிவம் 4 வேதியியலில் வருபவை.

குளியலறையை மாற்றுவது பல மாதச் சேமிப்பை விழுங்கும் வேலை. தவறான பொருளைப் போட்டுவிட்டால் பெயர்த்தெடுக்க மறுபடியும் செலவு. அதற்குள் வீட்டில் முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்துவிட்டால் அந்த இழப்பைப் பணத்தால் ஈடுகட்ட முடியாது. ஆகவே, நிறத்தைப் பார்க்கும் முன் எந்தப் பொருளிடமும் நான்கு கேள்விகள் கேட்கப் பழகுவோம்.

1. நீரை உறிஞ்சுமா?
2. அமிலத்தோடு வினைபுரியுமா?
3. கீறல் விழுமா?
4. ஈரத்தில் வழுக்குமா?

இனி ஒவ்வொரு பொருளாகப் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் நம் பேராக்கிலேயே எடுத்துக்காட்டு உண்டு.

பளிங்கு: கடலடியில் பிறந்த கல்

ஈப்போவைச் சுற்றிச் செங்குத்தாக நிற்கும் வெள்ளை மலைகளை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அவை சுண்ணாம்புக்கல் மலைகள். மலாய் மொழியில் பத்து காப்பூர் என்பார்கள். ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கும் 25 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்த இடம் கடலாக இருந்தது. கடல் உயிரிகளின் ஓடுகளும் சுண்ணாம்புப் படிவுகளும் அடியில் சேர்ந்து கல்லாக இறுகின. பிறகு, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கடியிலிருந்து உருகிய பாறைக்குழம்பு மேலெழுந்து வந்து மெல்ல ஆறி கிரானைட் ஆனது. கிந்தா பள்ளத்தாக்கின் கிழக்கே நிற்கும் தீத்திவங்சா மலைத்தொடர் அப்படி உருவானதுதான். அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் சுண்ணாம்புக்கல்லின் படிகங்கள் புதிதாக அமைந்து பளிங்காக மாறின. இத்தகைய பாறையை உருமாறிய பாறை என்கிறோம்.

சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் வெட்டியெடுக்கப்படுகின்றன. கல்லை மாவாகப் பொடிக்கும் ஆலைகளும் அங்கு உண்டு. அந்த மாவு சாயத்திலும் பிளாஸ்டிக்கிலும் தாளிலும் சேர்க்கப்படுகிறது.

பளிங்கு ஏன் அழகாக இருக்கிறது? ஒளி அதன் மேற்பரப்பில் பட்டுத் திரும்புவதோடு நிற்பதில்லை. ஒரு பகுதி படிகங்களுக்குள் சிறிது தூரம் சென்று, சிதறி, வெளியே வருகிறது. அதனால்தான் கல்லுக்குள்ளிருந்தே மென்மையாக ஒளி வருவது போல் தோன்றுகிறது. கரிமப் பொருள் கலந்திருந்தால் சாம்பல் கோடுகளும், இரும்பு ஆக்சைடு கலந்திருந்தால் மஞ்சள், சிவப்புக் கோடுகளும் தெரியும்.

ஆனால், நம் நான்கு கேள்விகளில் இரண்டில் பளிங்கு தோற்கிறது. அதன் வேதிப்பொருள் கால்சியம் கார்பனேட். கழிப்பறையைத் துலக்கும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நடப்பது இது:

கால்சியம் கார்பனேட் + ஹைட்ரோகுளோரிக் அமிலம் → கால்சியம் குளோரைடு + நீர் + கார்பன் டை ஆக்சைடு

நுரை பொங்கும். மெருகு போய்விடும். எலுமிச்சைச் சாறும் வினிகரும்கூட இதையே மெதுவாகச் செய்யும். மங்கிய இடத்தை எவ்வளவு துடைத்தாலும் பளபளப்பு திரும்பாது. அது அழுக்கு இல்லை, கல்லே கரைந்துபோன தடம்.

அடுத்தது கடினம். கனிமங்களின் கடினத்தை மோஸ் அளவுகோலில் 1 முதல் 10 வரை குறிப்பார்கள். பளிங்கிலுள்ள கால்சைட்டின் அளவு 3. நம் நகம் சுமார் 2.5. மணலில் உள்ள குவார்ட்சோ 7. செருப்போடு வரும் மணல் துகள் ஒவ்வொன்றும் பளிங்குத் தரையைக் கீறும்.

அப்படியென்றால் பளிங்கே வேண்டாமா? அப்படியில்லை. அமிலம் படாத, மிதிபடாத இடத்தில் வைக்கலாம். கண்ணாடிக்குக் கீழே ஒரு சிறு பலகை, சுவரில் ஒரு பட்டை போதும். எடையையும் கணக்கிட்டுப் பாருங்கள். பளிங்கின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம். 60 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 1 செ.மீ. தடிமன் உள்ள ஒரு பலகையின் கன அளவு 3,600 கன செ.மீ. எடை ஏறக்குறைய 9.7 கிலோ. சுவரில் ஒட்டும் பசை அத்தனை எடையையும் தாங்க வேண்டும்.

கிரானைட்: மலைத்தொடரின் கல்

கிரானைட் எனும் கருங்கல்லில் குவார்ட்ஸ், பெல்ஸ்பார், மைக்கா என்ற கனிமங்கள் இருக்கின்றன. கால்சியம் கார்பனேட் இல்லை. ஆகவே, வினிகரை ஊற்றினாலும் நுரைக்காது. அதன் முக்கியக் கனிமங்களின் கடினம் 6 முதல் 7 வரை. மணல் எளிதில் கீறாது. முகம் கழுவும் தொட்டியைச் சுற்றியுள்ள மேடைக்கு இது பளிங்கைவிட நன்றாக உழைக்கும். ஆனால், கண்ணாடி போல் மெருகேற்றிய கிரானைட்டைத் தரையில் போட்டால் ஈரத்தில் வழுக்கும். நான்காவது கேள்வியை மறந்துவிடக் கூடாது.

களிமண்: லாபு சாயோங் முதல் போர்சலின் வரை

கோலாகங்சாருக்கு அருகிலுள்ள சாயோங்கில் செய்யப்படும் கருநிற மண் கூஜாவைப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான் லாபு சாயோங். அதில் ஊற்றி வைத்த நீர் குளிர்ந்திருக்கும். காரணம், சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. நீர் அவற்றின் வழியே மெல்லக் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாகும்போது கூஜாவிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது.

குடிநீர்க் கூஜாவுக்கு நன்மையாக இருக்கும் அந்த நுண்துளை, குளியலறைத் தரைக்குத் தீமை. நீர் உள்ளே போனால் அழுக்கும் போகும், பூஞ்சையும் வளரும்.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, மேலே கண்ணாடிப் பூச்சு கொடுப்பது. ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டி உங்களுக்கு இருந்தால், பால் பிடிக்கும் மங்கைப் பற்றிக் கேளுங்கள். மண்ணால் செய்து உட்புறம் பளபளப்பாகப் பூச்சிட்ட மங்குகள் அந்நாளில் மரத்துக்கு மரம் தொங்கின. பூச்சு இருந்ததால் பால் மண்ணுக்குள் ஊறவில்லை. உறைந்த பாலையும் சுலபமாக உரித்தெடுக்க முடிந்தது. இன்று சுவரில் ஒட்டும் செராமிக் டைல்ஸும் அதே முறையில் செய்யப்படுவதுதான். உள்ளே நுண்துளையுள்ள மண், மேலே மெல்லிய கண்ணாடிப் பூச்சு.

இரண்டாவது வழி, களிமண்ணையே இன்னும் அதிக வெப்பத்தில் சுடுவது. கயோலின் என்ற வெண்களிமண்ணோடு பெல்ஸ்பார் முதலியவற்றைக் கலந்து, அழுத்தி, சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி நுண்துளைகளை அடைத்துவிடும். இதுதான் போர்சலின். கயோலின் நம் மாநிலத்தில் பீடோர், தாப்பா வட்டாரத்தில் கிடைக்கிறது. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? கிரானைட்டிலுள்ள பெல்ஸ்பார், நெடுங்காலம் மழையிலும் வெயிலிலும் சிதைந்து கயோலின் ஆகிறது. மலைத்தொடரின் கல்தான் உருமாறி உங்கள் வீட்டுத் தரைக்கு வருகிறது.

அனைத்துலகத் தர அளவின்படி, தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீர் உறிஞ்சாத டைல்ஸே போர்சலின் வகையில் சேரும். சாதாரணச் சுவர் டைல்ஸ் 10 விழுக்காட்டுக்கும் மேல் உறிஞ்சக்கூடும். இதை நீங்களே அளக்கலாம். உடைந்த டைல்ஸ் துண்டை நன்றாக உலர்த்தி எடை போடுங்கள். ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவையுங்கள். துணியால் துடைத்து மீண்டும் எடை போடுங்கள். 50 கிராம் இருந்த துண்டு 56 கிராம் ஆனால், உறிஞ்சிய நீர் 6 கிராம். 6-ஐ 50-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 12 விழுக்காடு. அது சுவருக்கு உரியது. தரைக்கு ஏற்றதன்று.

சிமெண்டு: காரமான கல்

தோட்டத்து லயங்களில் குளிக்கும் இடம் என்றாலே சிமெண்டுத் தரையும் சிமெண்டுத் தொட்டியும்தான். மலிவானது, உறுதியானது, சொரசொரப்பானது. ஆனால், நுண்துளை நிறைந்தது. எப்போதும் ஈரமாக இருப்பதால் பாசி பிடிக்கும். பாசி பிடித்த பின் அந்தச் சொரசொரப்பால் பயனில்லை.

சிமெண்டு நீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அது காரம். அமிலம் பட்டால் அரிக்கும். ரப்பர் பாலை உறையவைக்கத் தோட்டங்களில் பார்மிக் அமிலம் பயன்பட்டது. அந்த அமிலம் அடிக்கடி சிந்தும் சிமெண்டுத் தரையில் மேல்பூச்சு அரிக்கப்பட்டு, உள்ளிருக்கும் மணலும் கல்லும் வெளியே தெரியத் தொடங்கும். இன்றைய குளியலறையில் டைல்ஸுக்கு நடுவே ஓடும் இணைப்புக் கோடும் பெரும்பாலும் சிமெண்டுக் கலவைதான். விலை உயர்ந்த டைல்ஸ் போட்டு வாரந்தோறும் அமிலம் ஊற்றினால் டைல்ஸ் தப்பிக்கும், கோடு கரையும். கோடு கரைந்தால் நீர் அடியில் இறங்கும். டைல்ஸ் கழன்றுவரும். எப்பாக்சி என்ற பிசினால் கோடு அடைத்தால் நீரும் அமிலமும் அவ்வளவு எளிதில் நுழையா. ஆனால், விலை அதிகம்.

குழாயும் திருகும்

நாம் தகரம் என்று சொல்லும் கூரையில் இருப்பது உண்மையில் துத்தநாகம் பூசிய எஃகு. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் வினைபுரியும். ஆகவே, அது தன்னை இழந்து இரும்பைக் காக்கிறது. பூச்சு தீர்ந்ததும் துருப்பிடிக்கும்.

எவர்சில்வரோ வேறு வகை. அதில் இரும்போடு குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்திருக்கும். குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மிக மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கும். கீறல் விழுந்தாலும் அந்தப் படலம் தானே மறுபடி உருவாகும். நல்ல குழாய்கள் பெரும்பாலும் பித்தளையில் செய்து குரோமியம் பூசியவை. பித்தளை, செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. இரும்பைப் போல் துருப்பிடிக்காது.

துண்டு மாட்டும் கம்பி எவர்சில்வராக இருக்கலாம். அதை முடுக்கிய திருகு சாதாரண இரும்பாக இருந்தால் அங்கிருந்துதான் துரு வழிந்து சுவரைக் கறையாக்கும். வாங்கும்போது திருகையும் பாருங்கள்.

பாட்டியின் கேள்வி: வழுக்குமா?

நடக்கும்போது நம் காலைத் தரையோடு நிறுத்துவது உராய்வு விசை. தரை ஈரமானால் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே நீர்ப்படலம் புகுந்துகொள்கிறது. சோப்பும் சேர்ந்தால் உராய்வு இன்னும் குறையும். சொரசொரப்பான பரப்பில் மேடுகள் அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு பாதத்தைத் தொடும். வழவழப்பான பரப்பில் அது நடக்காது.

ஜெர்மனியில் இதைச் சோதிக்கச் சாய்தளம் பயன்படுத்துகிறார்கள். டைல்ஸ் பதித்த தளத்தின் மேல் ஒருவர் பாதுகாப்புக் கயிற்றோடு நடப்பார். தளத்தைச் சிறிது சிறிதாகச் சாய்ப்பார்கள். எந்தக் கோணத்தில் வழுக்குகிறது என்று குறிப்பார்கள். காலணியோடும் எண்ணெயோடும் செய்யும் சோதனையில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை தரம் உண்டு. எண் கூடக் கூட வழுக்கல் குறைவு. வெறுங்காலோடும் சோப்பு நீரோடும் செய்யும் சோதனையில் ஏ, பி, சி என மூன்று தரங்கள். அவற்றுக்குக் குறைந்தது முறையே 12, 18, 24 டிகிரி சாய்வைத் தாங்க வேண்டும். குளிக்கும் இடத்தில் நாம் வெறுங்காலோடு, சோப்பு நீரில் நிற்கிறோம். ஆகவே, இந்த இரண்டாவது சோதனைதான் நமக்கு நெருக்கமானது. டைல்ஸ் பெட்டியிலோ கடையின் பட்டியலிலோ இந்த எழுத்துகளைத் தேடுங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள்.

வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். 100 செ.மீ. நீளப் பலகையின் ஒரு முனையில் டைல்ஸைப் பொருத்துங்கள். சோப்பு நீர் தெளித்து, அதன் மேல் ரப்பர் செருப்பை வையுங்கள். செருப்புக்குள் ஒரு கல்லை வைத்துக்கொள்ளலாம். பலகையின் அந்த முனையை மெல்ல உயர்த்துங்கள். செருப்பு வழுக்கத் தொடங்கும்போது உயரத்தையும் அடிநீளத்தையும் அளந்து, உயரத்தை அடிநீளத்தால் வகுங்கள். உலர்ந்த டைல்ஸில் உயரம் 60, அடிநீளம் 80 என்றால் விடை 0.75. ஈரத்தில் உயரம் 34, அடிநீளம் 94 என்றால் விடை ஏறக்குறைய 0.36. பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்த எண்ணைத் தர அளவோடு ஒப்பிட முடியாது. ஆனால், இரண்டு டைல்ஸில் எது குறைவாக வழுக்கும் என்று கண்டுபிடிக்க இது போதும்.

சிறிய டைல்ஸுக்கு ஒரு கூடுதல் நன்மை உண்டு. இணைப்புக் கோடுகள் அதிகம் இருப்பதால் பாதத்துக்குப் பிடிப்பு கூடும். தரையைச் சாய்வாக அமைப்பதும் அதில் எளிது. நீர் தேங்காமல் ஓட, ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வரை சாய்வு வேண்டும்.

துலக்கும்போது கவனம்

இது உயிர் தொடர்பானது. அமிலம் உள்ள கழிப்பறைத் திரவத்தையும் வெளுப்பு நீரையும் ஒருபோதும் கலக்காதீர்கள். வெளுப்பு நீரில் சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ளது. அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். முதல் உலகப்போரில், 1915-ஆம் ஆண்டு, பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஆயுதமாகப் பயன்பட்டது இதே வாயுதான். ஜன்னல் சிறிதாக உள்ள குளியலறையில் அது சீக்கிரம் நிறைந்துவிடும். ஒன்றை ஊற்றிய பிறகு நன்றாகக் கழுவாமல் இன்னொன்றை ஊற்றுவதும் கலப்பதற்குச் சமம். கண் எரிந்தாலோ மூச்சு திணறினாலோ உடனே வெளியே வாருங்கள். மற்றவர்களையும் உள்ளே விடாதீர்கள்.

சரியான பொருளைத் தேர்ந்தெடுத்தால் கடுமையான அமிலமே தேவைப்படாது. நீர் உறிஞ்சாத தரையை, சோப்பும் பிரஷும் கொண்டு தேய்த்து, ஜன்னலைத் திறந்து உலரவிட்டால் போதும்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்போம்

தரைக்கு: பளபளப்பில்லாத, சிறிய அளவு போர்சலின். வெறுங்கால் தரம் பி அல்லது சி.

சுவருக்கு: பூச்சிட்ட செராமிக். விலை குறைவு, எடை குறைவு. வெளிர் நிறம் ஒளியை அதிகம் திருப்பித் தருவதால் சிறிய அறை பெரிதாகத் தெரியும். பளபளப்பு வேண்டுமென்றால் அதற்கு இடம் சுவர்தான்.

மேடைக்கு: கிரானைட்.

குழாய், கம்பி, திருகுக்கு: பித்தளை, எவர்சில்வர்.

அழகுக்கு: விருப்பமிருந்தால், அமிலம் படாத இடத்தில் ஒரு துண்டு ஈப்போ பளிங்கு.

பணம் குறைவாக இருந்தால் எங்கே மிச்சப்படுத்தலாம்? சுவரில் மிச்சப்படுத்துங்கள். தரையிலும், டைல்ஸுக்கு அடியில் பூசும் நீர்த்தடுப்புப் பூச்சிலும் மிச்சப்படுத்தாதீர்கள். சுவர் டைல்ஸ் பிடிக்கவில்லையென்றால் அதன் மேலேயே இன்னொன்றை ஒட்டவும் வழியுண்டு. தரை ஒழுகினால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சிமெண்டும் பளிங்கும் சுண்ணாம்பு மாவும் நம் மலைகளை வெட்டித்தான் வருகின்றன. ஈப்போவுக்கு வடக்கே உள்ள கந்தான் மலைக்குகையில் வாழும் ஒரு பழமையான சிலந்திக்கு லிபிஸ்டியஸ் கந்தான் என்று பெயர். அந்த இடத்தைத் தவிர வேறெங்கும் அது அறியப்படவில்லை. 2018-இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கல்லே வெட்டாமல் வீடு கட்ட முடியாது. ஆனால், பத்து ஆண்டில் உடைத்துப் போடும் குளியலறையை முப்பது ஆண்டு உழைக்கும்படி கட்டினால், அதே காலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொருள்தான் செலவாகும்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. பளிங்கு, கிரானைட், பூச்சிட்ட டைல்ஸ் ஆகிய மூன்றின் மேலும் ஒரு சொட்டு வினிகர் விட்டால் எதில் குமிழி தோன்றும்? ஏன்?
2. உலர்ந்தபோது 80 கிராம், ஊறிய பின் 80.3 கிராம் உள்ள டைல்ஸ் துண்டு போர்சலின் வகையில் சேருமா?
3. லாபு சாயோங்கின் உட்புறமும் வெளிப்புறமும் கண்ணாடிப் பூச்சு கொடுத்தால் நீர் குளிருமா?

விடைகள்: (1) பளிங்கில் மட்டும். அதில்தான் கால்சியம் கார்பனேட் உள்ளது. (2) சேரும். உறிஞ்சியது 0.375 விழுக்காடு. (3) முன்போல் குளிராது. நீர் கசியாததால் வெளிப்புறத்தில் ஆவியாதல் நடக்காது.

இந்த வாரம் உங்கள் வீட்டுக் குளியலறையைச் சோதித்துப் பாருங்கள். நீர் எங்கே தேங்குகிறது, இணைப்புக் கோடு எங்கே கரைந்திருக்கிறது, எந்தத் திருகில் துரு, எந்த இடத்தில் கால் வழுக்குகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். வழுக்கும் இடம் இருந்தால் குடும்பம் டைல்ஸ் மாற்றும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். அங்கே ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு, கைப்பிடி ஒன்றைச் சுவரில் உறுதியாகப் பொருத்தித்தரச் சொல்லுங்கள்.